டீ வடிகட்டி

பதினோரு மில்லிமீட்டர் என்றார் டாக்டர்.
என் கணக்கெல்லாம் அடியில், இஞ்சில்.
ஆறரை இஞ்ச் பிட்டு, ஆயிரத்து நூறு அடி,
கேசிங் பைப் முப்பது.
மில்லிமீட்டருக்கு இத்தனை வலி உண்டென்று
பத்தொன்பது வருசம் ரிக் வண்டியில் நின்றவனுக்குத்
தெரியவில்லைங்க.

ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு பருத்திக் காட்டில்
ராத்திரி ரெண்டு மணிக்கு
கம்ப்ரசர் சத்தத்தையும் மீறிக் கத்தினேனாம்.
ராடு மாற்றும் பையன்கள்
பாம்பென்று நினைத்து
என் காலடியில் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்கள்.

திருச்செங்கோட்டில் பிறந்தவனுக்குக்
கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.
கல் என்றால் ஓட்டை போட வேண்டும்.
மச்சான் செங்கோடன் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
விலாவில் தொடங்கித் தொப்புள் பக்கம் வரை
வண்டித்தடம் மாதிரி தையல்.
தொண்ணூற்று மூன்றில் அறுத்தது.
"மூட்டம் போட்டா இன்னும் இழுக்குது மாப்ள."

ஈரோட்டில் அந்த அறை
சின்னதாக, சில்லென்று இருந்தது.
"கத்தியெல்லாம் எங்கீங்?"
டெக்னீசியன் ஷகிலா பானு சிரிக்கவில்லை.
இடுப்புக்கடியில் ஒரு தண்ணீர்ப்பையைத் தள்ளி,
பசை தடவி,
"அசையாதீங்கண்ணா. மூவாயிரம் அடி" என்றார்.

மூவாயிரம் அடியா?
ரிக் வரலாற்றில் எவனும் போனதில்லை.

டக். டக். டக்.
தறிச்சத்தமும் இல்லை, எங்கள் ஹேமர் சத்தமும் இல்லை.
காதோரம் யாரோ
கொட்டாங்குச்சியைச் சுண்டுகிறாற்போல.
எண்ணூறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுப்போச்சு.
இங்கேயும் அடியைத்தான் எண்ணுகிறார்கள்,
ஆனால் ஒரு நூல்கூட ஆழம் போகவில்லை.

நாங்கள்
கல் வழியாகப் போய்த் தண்ணீரைத் தட்டுகிறவர்கள்.
இது
தண்ணீர் வழியாகப் போய்க் கல்லைத் தட்டுகிறது.

எழுந்து இடுப்பைத் தடவினேன்.
தோல் லேசாகச் சிவந்து, இருந்தபடியே இருந்தது.
பில்லைப் பார்த்ததும்
எனக்கே காட்டுக்காரர் புத்தி வந்துவிட்டது:
குழியே இல்லை, எதற்குக் காசு?

மகுடீஸ்வரி சந்தையில்
ரெண்டு டீ வடிகட்டி வாங்கினாள்.
ஒன்றின் காம்பில் சிவப்பு நூல்.
"இது உங்குளுது. அடுப்பாண்ட வரப்படாது."
போகிற மூத்திரமெல்லாம் அதில் வடிய வேண்டும்,
மிஞ்சுவது டப்பாவில். டாக்டர் உத்தரவு.

முதல் நாள் ரோஜா நிறம். பயந்துபோனேன்.
ரெண்டாம் நாள் ராத்திரி, மணல்.
பழுப்பும் மஞ்சளுமாக,
ராகிக் குருணை அளவில்.
விரலில் தேய்த்துப் பார்த்தேன், அருவருக்கவில்லை.
குழித்தூளை இப்படித் தேய்த்துத்தான் சொல்வோம்
இது சுக்காம்பாறை, இது கருங்கல்,
இனி ஈரம் வரும், வராது.
இந்தத் தூளில் இருந்தவை
ஊரான் காட்டுக்குத் தண்ணீர் தேடிக்கொண்டு
கீழே இறங்கி ஒரு சொம்பு குடிக்காத
சித்திரைகள்.

லேப்காரர் வேறு பேர் எழுதியிருக்கிறார்,
கால்சியம் என்னமோ.

நாலு மில்லிமீட்டர் இன்னும் அடியில் கிடக்கிறதாம்.
"அதுவா வந்துரும், இல்லீன்னா இன்னொருக்காத் தட்டலாம்."

மச்சான் ஃபோனில் கேட்டார்.
"எத்தன தையலு?"
"ஒண்ணுமில்லீங் மச்சா."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"தொண்ணூத்தி மூணுலயே இந்த மிசின் இருந்துச்சா?"
"தெரியலீங்."
"இருந்திருக்கும்.
மெட்ராஸ்ல."

புதன்கிழமை வண்டி கிளம்புகிறது, பெல்லாரிக்கு.
இருபது லிட்டர் கேன் ஒன்று
என் சீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டியாயிற்று.
லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவே
தினத்தாளில் சுற்றி
அந்த வடிகட்டியை வைத்திருக்கிறாள்.
பையன்கள் கேட்டால் என்ன சொல்வது?
பார்க்கலாம். அவர்களும்தான்
தண்ணியே குடிப்பதில்லை.